பாலத்தை விட்டுத் திரும்பிய கேமரா

கொஞ்சம் வேதாகமத்தை மூடி வெச்சுக்குங்க. நான் சொல்ல வந்தது ஒரு சின்னக் கதையில இருக்கு, அதைச் சொல்லிட்டு வந்துடறேன்...

ஜெபசிங்னு ஒருத்தர். நாலுவழிச்சாலையோட கண்ட்ரோல் ரூம்ல வேலை. சுவர் முழுக்க டிவி, ரோடு பூரா கேமரா. எங்கயாவது ஒரு லாரி பழுதாகி நின்னா, இவர் கண்ணுலதான் முதல்ல படும். உடனே ரோட்டுக்கு மேல இருக்கிற போர்டுல 'மெதுவாகச் செல்லவும்'னு எழுத்து ஓட விடுவார். ரோந்து வண்டியை அனுப்புவார். பொறுப்பான மனுஷன்.

ஒரு நாள் காலையில, ஆத்துப்பாலத்தைக் காட்டுற டிவியோட ஓரத்துல ஒரு கார் வந்து நிக்குது. பாலம் ஏறுறதுக்கு முன்னாடியே நிக்குது. எங்கயோ பார்த்த காரா இருக்கே... ஆமா, தங்கச்சி எப்சிபா வீட்டுக்காரர் ஞானசீலனோட கார். மாப்ள இறங்குறார். அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பொம்பளை இறங்குறா. ரெண்டு பேரும் இடம் மாறி உக்காருறாங்க. அவ வண்டியை ஓட்டிட்டுப் போறா.

யார் அவ?

தங்கச்சிக்கு போன் போட்டார். "எப்சிபா, மாப்ள எங்கம்மா?"

"ஆபீஸ் போயிருக்காங்கண்ணா."

"யாரோட?"

"தனியாத்தான். ஏன் கேக்குற?"

"ஒண்ணுமில்ல... சும்மா."

சும்மாவா கேட்டார்? அந்த 'சும்மா' அந்தப் பிள்ளை மனசுல போய் உக்காந்துக்கிச்சு. அன்னையில இருந்து புருஷன் சட்டையை மோந்து பார்க்கிறா, அவர் குளிக்கப் போனா போனை எடுத்துப் பார்க்கிறா. இங்க அண்ணன்காரர் தினமும் அந்த ஒரு டிவியையே பார்க்கிறார். அதே கார்... அதே இடம்... அதே பொம்பளை.

ஒரு நாள் பொறுக்கல. கேமராவைப் பாலத்துல இருந்து திருப்பி, கார் பக்கம் வெச்சு, கிட்டக் கொண்டு வந்தார். அந்தப் பொம்பளை மாப்ள தோள்ல கை வெச்சு ஏதோ சொல்றா. அவர் தலையைக் குனிஞ்சுக்கிறார். என்ன பேசுறாங்க? கேமராவுக்குக் காது கிடையாது. ஆனா ஜெபசிங்குக்கு எல்லாம் விளங்கிருச்சு. "மாட்டுனான்"னார்.

கார் கிளம்பிருச்சு. அவர் அந்தப் படத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கிட்டிருக்கார்.

அந்தப் பாலத்துக்கு இருந்ததே அந்த ஒரு கேமராதான், ஐயா. அது திரும்பி நின்ன நேரத்துல, பாலத்து மேல ஒரு சரக்கு லாரி டயர் வெடிச்சு நின்னுச்சு. யார் பார்க்கணும்? போர்டுல யார் எழுதணும்? மாப்ள கார் நேராப் போய் லாரி பின்னாடி மோதிருச்சு.

உயிருக்கு ஆபத்தில்ல. அந்தப் பொம்பளைக்குக் கால் முறிஞ்சது. மாப்ளைக்கு விலா எலும்பு. ஆஸ்பத்திரியில வெச்சுத்தான் விஷயம் தெரிஞ்சது. அவங்க பேர் சிவகாமி, மாப்ளையோட ஆபீஸ்ல வேலை. போன மழைக்காலத்துல அதே பாலத்துல, ஞானசீலன் கண்ணு முன்னாடி ஒரு வேன் ஆத்துக்குள்ள விழுந்திருக்கு. அதுக்கப்புறம் பாலத்துக்கிட்ட வந்தாலே பயத்துல வண்டியை நிறுத்திடுவார். அந்தப் பாலத்தைத் தாண்டுற வரைக்கும் அவங்க ஓட்டிக் கொடுத்திருக்காங்க. அவ்வளவுதான்.

"வீட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள?"ன்னார் ஜெபசிங்.

அவர் சொன்னார்: "நீங்க ரோட்டையே கட்டி ஆள்றவர். உங்க முன்னாடி, பாலத்துக்குப் பயப்படுறேன்னு எப்படி மச்சான் சொல்லுவேன்?"

எப்சிபா அண்ணனைப் பார்த்தா. "இவங்ககிட்டயே ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம்ல?"

விசாரணையில ஜெபசிங் எதையும் மறைக்கல. கேமராவைத் திருப்புனது நான்தான்னு அவரே சொன்னார். வேலை போச்சு. மாப்ள மன்னிச்சுட்டார். சிவகாமி அம்மா இன்னும் ஊன்றுகோல்லதான் நடக்கிறாங்க. தங்கச்சி அண்ணன்கிட்ட இன்னும் பேசல.

இதை யாருக்குச் சொல்றேன்? கண்ட்ரோல் ரூம் அங்க மட்டுமா இருக்கு? உங்க கையில இருக்கு, சட்டைப் பையில இருக்கு. பொண்டாட்டி எங்க நிக்கிறா, புள்ள யார்கிட்ட பேசுறான், புருஷன் கடைசியா எப்ப ஆன்லைன்ல இருந்தார்... எல்லாம் பார்க்கிறோம். கேக்குறோமா? ஒருத்தரை வேவு பார்க்கிற நேரத்துல அவரைக் காவல் காக்க முடியாது, அன்பானவங்களே. ரெண்டுக்கும் ஒரே கண்ணுதான் இருக்கு.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், யார் மேல அந்த உறுத்தல் இருக்கோ, அவங்க போனைத் தொடாதீங்க. எதிர்ல உக்காந்து, "உனக்கு என்னாச்சு?"ன்னு கேளுங்க. பதில் உடனே வராது...

எந்திரிச்சுப் போயிடாதீங்க.