கிறுக்கலுக்குக் கீழே அச்செழுத்து

வாசிக்கும்படி கையெழுத்துப் போடுகிறவர்கள் இரண்டே வகை: பள்ளிக்கூட வாத்தியார்கள், முதல் தடவை கடன் வாங்குகிறவர்கள். மற்ற எல்லோரும் கிறுக்குவார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. எங்கள் நோட்டரி அலுவலகத்தில் நாங்கள் பார்ப்பது, ஆள் அவர்தானா, எங்கள் கண் முன்னால் போட்டாரா என்பதுதான். கையெழுத்து புரியாவிட்டால் அதன் கீழே அவர் பெயரை அச்செழுத்தில் எழுதுவோம். எழுதுவது என் வேலை.

எப்பேர்ப்பட்ட கிறுக்கலையும் படித்துவிடுவேன் என்பதால் நோட்டரி ஐயா என்னைப் ‘பூதக்கண்ணாடி’ என்று கூப்பிடுவார். எனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பூட்டிய அலமாரியை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவன் நான். என்னை விசாரிக்கிற நீங்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பெரியவருக்கு வாதம் வந்து பேச்சும் வலது கையும் போயிருந்தன. தலை சதா ஆடிக்கொண்டிருக்கும். ஆமாம் என்கிறாரா, இல்லை என்கிறாரா என்று சொல்ல முடியாது. அவர் வீட்டை அடமானம் வைத்து மகன் கடன் வாங்கப் போகிறான். கையெழுத்து வாங்க அவர் கட்டிலுக்கே போனோம். அவரைக் கவனித்துக்கொண்டு அதே வீட்டில் இருந்த மகள் தலைமாட்டில் நின்றாள்.

"அண்ணன் கடன அடைக்க மாட்டான் சார். வீடு போனா எனக்குப் போக்கிடம் இல்ல. ஆனா அப்பாவுக்கு இஷ்டம்னா நான் குறுக்க நிக்கல. அவரே போடட்டும்."

"பாத்தீங்களா, நான் இன்னும் வாங்கவே இல்ல. அதுக்குள்ள அடைக்க மாட்டேங்கிறா," என்றான் அண்ணன்.

ஐயா பத்திரத்தைப் படித்துக் காட்டினார். பெரியவர் இடது கையில் பேனாவை வாங்கி, வெகுநேரம் எழுதினார். பிறகு மகளையே பார்த்தார். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

"கோழி கிளறின மாதிரி இருக்கு. பூதக்கண்ணாடி, நீ பாரு."

பார்த்தேன். அது பெயர் இல்லை. ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். இரட்டைக் கொம்பு கொஞ்சம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"என்ன தம்பி, அப்பா கையெழுத்துத்தானா?" என்றாள் மகள்.

மணி ஐந்தே முக்கால். நான் படிக்கும் மாலைச் சட்ட வகுப்பில் ஆறரைக்குத் தேர்வு. கதவைச் சரியாக ஆறரைக்குச் சாத்திவிடுவார்கள். படித்ததைச் சொன்னால் வாக்குவாதம் வரும், பஸ் போய்விடும். தவிர, நான் தப்பாகவும் படித்திருக்கலாம். என்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு என்று முன்பே சொன்னேன்.

"அப்பா கையெழுத்துத்தான் அக்கா," என்றேன். கீழே அவர் பெயரை அச்செழுத்தில் எழுதினேன். பெருவிரல் ரேகை எடுக்கும்போது அவர் கையை இழுத்துக்கொண்டதால் மை கொஞ்சம் கலைந்தது.

அன்றைய தேர்வில், ‘சம்மதம் என்றால் என்ன’ என்ற கேள்விக்கு எனக்குப் பத்துக்கு ஒன்பது. அந்த ஒரு மார்க் எங்கே போனது என்று இன்றும் யோசிக்கிறேன்.

அடுத்த வருடம் வீடு ஏலத்தில் போனது. பெரியவரை முதியோர் விடுதியில் விட்டார்கள். மகள் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனாள். அப்பா மனதறிந்து தன்னைத் தெருவில் விட்டார் என்று நினைத்து, அவரைப் பார்க்கவே போகவில்லை. இறந்த பிறகுதான் போனாள். தலையணைக்கு அடியில் இருந்ததாகச் சொல்லி ஒரு கட்டுச் சீட்டுகளைக் கொடுத்தார்களாம். அதை நேராக என்னிடம் கொண்டுவந்தாள்.

"அங்க யாருக்கும் படிக்கத் தெரியல தம்பி. உங்களால மட்டும்தான் முடியும்னு ஐயா சொன்னார்."

பதினேழு சீட்டுகள். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: ‘நான் வேண்டாம் என்றுதான் எழுதினேன்.’ எனக்குச் சிரமமே இல்லை.

"உடம்பப் பாத்துக்கோம்மான்னு எழுதிருக்கார் அக்கா," என்றேன்.

அவள் அழுதாள். அந்த ஆறுதலை அவளுக்குக் கொடுக்க வேறு ஆள் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் கேட்டுக்கொண்டதால், ஒவ்வொரு சீட்டின் கீழேயும் அதை அச்செழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பதினேழில் ஒரு பிழை இல்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன்.