இறுக்கி மூடிய கையைப் படமெடுங்கள்

இவ்விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் தேவசகாயம் அவர்களே, நம் ஷூ கம்பெனி மேலாளர் சாந்தகுமார் அவர்களே, தோல் கிடங்கில் தோள் கொடுக்கும் தோழர்களே, தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, இரண்டாம் வரிசையில் மணிக்கட்டில் கட்டோடு அமர்ந்திருக்கும் தம்பி ஹபீபே, வணக்கம்.

பாதுகாப்பு வாரத்தை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். நான் வாழ்த்த வரவில்லை; கேட்க வந்திருக்கிறேன்.

ஈரத்தரையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்தான் ஹபீப். மணிக்கட்டிலே படகு போல ஓர் எலும்பு. பக்கத்திலே பிறை போல ஓர் எலும்பு. படகையும் பிறையையும் பிணைத்திருந்த நார் அறுந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்து அதைத் தைத்தார்கள். அந்தத் தையல் தாங்குகிறதா? கம்பெனி டாக்டர் கையை மேசைமேல் அசையாமல் தூங்க வைத்து எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு விலகவில்லை என்றார். திங்கட்கிழமை கட்டிங் மெஷினில் நிற்க வேண்டும் என்று உத்தரவு.

தூங்கும் கை மெஷினை இழுக்குமா? தூங்கும் கை தோலை வெட்டுமா? தூங்கும் கை உண்மையைச் சொல்லுமா?

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், இதே கம்பெனியில் மெஷினில் நின்ற நானும் இப்படி விழுந்தேன். எக்ஸ்ரே படம் நல்ல படம், வலிதான் பொய் என்றார்கள். "இன்னா நைனா, ஆக்டிங்கா?" என்றார் சூப்பர்வைசர். மறுபடி மெஷினில் நின்றேன். கை வீங்கி வேலூருக்குப் போனபோது டாக்டர் இவாஞ்சலின் அம்மா, "நல்லா இறுக்கி மூடுங்க, அப்டியே கைய ரெண்டு பக்கமும் சாய்ங்க" என்று சொல்லி, எக்ஸ்ரே ஓடும் திரையைக் காட்டினார். விரித்த கையில் ஒட்டி நின்ற எலும்புகள், இறுக்கிய கையில் விலகி ஓடின. அளந்து பார்த்துவிட்டு, "முன்னாடியே வந்திருந்தா தச்சிருக்கலாம், இப்ப லேட் ஆய்டுச்சே" என்றார். இன்றும் இந்தக் கையால் சோறு பிசைய முடியாது.

யாரப்பா அது, "நீ இன்னா டாக்டரா?" என்பது? இல்லை தம்பி, நோயாளி. டாக்டருக்கே சீனியர்.

மேலாளர் அவர்களே, ஜெர்மனிக்குப் போகும் ஷூவை போட்டோ பார்த்தா பாஸ் பண்ணுகிறீர்கள்? ஃப்ளெக்ஸிங் மெஷினில் மாட்டி ஆயிரம் ஆயிரம் முறை மடக்கிப் பார்க்கிறீர்கள். ஏன்? மடக்கினால்தான் விரிசல் தெரியும். மாட்டுத் தோலுக்குக் காட்டும் மரியாதையை ஹபீபின் மணிக்கட்டுக்குக் காட்டக் கூடாதா?

தலைவர் மணியடிக்கிறார். "டைம் ஆச்சுங்க, முடிச்சுக்குங்க" என்கிறார். பதில் வந்ததும் முடிக்கிறேன் ஐயா. ஆபரேஷன் செய்த டாக்டர் முன்னால், அசையும் கையைப் படமெடுத்து, எலும்பு எவ்வளவு நகர்கிறது என்று அளக்கும்வரை ஹபீபை மெஷினில் நிறுத்தக் கூடாது. சரியா, தவறா?

தலையசைக்கிறார் மேலாளர். தலையசைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்காது, இந்தாருங்கள், மைக்.

கேட்டீர்களா? "செவ்வாய்க்கிழமை வேலூருக்கு அனுப்பறோம். அதுவரைக்கும் மெஷின் வேலை கிடையாது." இத்தனை பேர் சாட்சி.

பொறுங்கள், கை தட்டாதீர்கள். ஹபீபால் இப்போது தட்ட முடியாது. படகும் பிறையும் பிரியவில்லை என்று தெரிந்து, கை தேறி, முதல் தட்டு அவன் தட்டட்டும். அதன் பிறகு நாம் தட்டுவோம். அதுவரை சும்மா இருக்கப்போகும் உங்கள் கைகள் அத்தனைக்கும் என் நன்றி, வணக்கம்.