பதினெட்டாவது சாவி

எனக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்ததே நாற்பது வயதுக்கு மேல்தான். அதனால் மெதுவாகச் சொல்கிறேன். எழுதிக்கொள்கிற உங்களுக்கும் அதுதான் வசதி.

நூலக மாடியில் ஞாயிறுதோறும் வகுப்பு. ரகசியச் செய்திக் கணக்கைச் சொல்லித்தந்தால் கூலிக்காரனுக்குப் படிப்பில் ஆசை வரும் என்று டீச்சரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெஞ்சுக்கு நான்கு பேர். மேசையைத் தட்டிச் செய்தி அனுப்ப வேண்டும். மெய்யெழுத்து பதினெட்டில் எத்தனையாவதோ அத்தனை தட்டு, பிறகு உயிரெழுத்துக்கு அதேபோல. பிறருக்குப் புரியாதிருக்க, மெய்யின் எண்ணோடு இன்னொரு எண்ணைக் கூட்டிவிட வேண்டும். அதுதான் சாவி. பதினெட்டைத் தாண்டினால் மறுபடி ஒன்று. சாவி தெரியாதவன் ஒன்று, இரண்டு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டியதுதான்.

நான் கழிக்கத் தொடங்குவேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மைத்துனன், மனைவியின் தம்பி, விடையைக் கத்திவிடுவான்.

"மாமா, நீங்க கழிச்சு முடிக்கறதுக்குள்ள எதிரி வந்து சாப்பிட்டுட்டுப் போயிருவான்."

லாரி டிரைவர் சிரிப்பான். தையல்காரன் சிரிப்பான். "சேர்ந்து போடுங்கப்பா, இது போட்டி இல்ல" என்று சொல்லிக்கொண்டே டீச்சரும் சிரிப்பாள். சேர்ந்து போடுவது என்றால் ஒருவன் போடுவது, மற்றவர்கள் வாயைப் பிளப்பது.

குளிர்கிடங்கில் எனக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட். அன்று பெட்டி அடுக்க உள்ளே போனான். குளிர் வீணாகக் கூடாதே என்று வெளியே தாழ்ப்பாள் போட்டேன். உள்பிடி உடைந்திருந்தது தெரியுமா என்கிறீர்கள். தெரியும்.

முதலில் சும்மா இடித்தான். அதில் எழுத்து ஏதும் இல்லை, விட்டுவிட்டேன். அப்புறம்தான் வகுப்பு ஞாபகம் வந்திருக்கிறது. பத்துத் தட்டு, இரண்டு தட்டு. மறுபடி பத்து, இரண்டு. சாக்பீஸை எடுத்து அந்தக் கதவிலேயே கணக்குப் போட்டேன். மூன்றைக் கழித்தால் தாதா. ஒன்பதைக் கழித்தால் காகா. யாரும் கத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. நிதானமாகப் போட்டேன். பதினெட்டையும் கழித்த பிறகுதான் 'மாமா' என்று வந்தது. பதினெட்டைக் கழித்தால் ஒரு சுற்று சுற்றி அதே எண்தான் வரும். அதாவது, சாவியே போடாமல் அனுப்பியிருக்கிறான். இவன்தான் பெஞ்சிலேயே பெரிய புத்திசாலி.

தட்டுவது வெகுநேரம் முன்பே நின்றுபோயிருந்தது.

என் மனைவி இப்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவளுக்கும் கணக்கு வராது. கதவைத் தட்டினால் திறக்க எழுத்து எதற்கு என்று கேட்கிறார் உங்கள் இளைய அதிகாரி. வகுப்புக்கு வராதவர், அவருக்குச் சொல்லி விளங்காது.

தாழ்ப்பாளைப் போட்டது நான். திறக்காமல் நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் எழுதுங்கள்: இரண்டோ மூன்றோ ஒரு சாவியைப் போட்டு ஒழுங்காக அனுப்பியிருந்தால், சீக்கிரமே கண்டுபிடித்துத் திறந்துவிட்டிருப்பேன்.