குடையைக் கவிழ்த்துப் பிடித்த ஆள்

— ஒரு லொறி உப்பை மலை உச்சியில கரைச்சு, அருவியைக் கடலாக்கினவன் நான்தான், இராசநாயகம். திருக்கோணமலைக் கடலில பாதி இப்பவும் பதுளைப் பக்கம்தான் கிடக்குது. உப்பு மணத்துக்கு ஒரு சுறாக்குட்டி மலையேறி வந்தது. சத்தியமா!

— மெல்லக் கதை, வீரசிங்கம். உள்ள சம்மந்திப் பகுதி இருந்து தேத்தண்ணி குடிக்கினம். மகள் புஸ்பராணிக்கு வாற கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. உன்ர விசர்க்கதை கேக்க எனக்கு இப்ப நேரமில்லை.

— அதுக்குத்தானே படலையடியில நிக்கிறன். காலைக்கூட உள்ள வைக்கேல்லை, பார். கேளடாப்பா, தோட்டத்துத் துரையின்ர தேத்தண்ணியே கரிச்சதாம். சீனி போடப் போட இன்னும் கரிச்சதாம். ஆடுகள் இண்டைக்கும் அந்த அருவிக் கல்லை நக்குதுகள்.

— ரண்டு சாக்கு நனைஞ்சதுக்கு இவ்வளவு பாடோ?

— ரண்டு சாக்கோ? நீதான் அந்த லொறியில வரவேயில்லையே. பிறகு சாக்கு எப்பிடி எண்ணினனி?

— நீதான் முந்தி எப்பவோ சொன்னனி.

— நான் என்ர சீவியத்தில ரண்டு எண்டு ஒரு கணக்குச் சொன்னதில்லை. நூறுக்குக் கீழ எனக்கு நாக்குப் பிரளாது.

— வந்த விசயத்தைச் சொல்லு. மழை இருட்டிக்கொண்டு வருது.

— கோயில் மடத்துப் பூட்டின்ர திறப்பைத் தா.

— ஏன்?

— வள்ளியம்மா வந்திருக்கிறா.

— எந்த வள்ளியம்மா?

— முகத்தை அங்கால திருப்பாமல் கேள். மண் சரிஞ்சு ரோட்டு அடைபட்ட நேரம், லொறியோட நடுமலையில அம்பிட்டு நிண்ட எங்களைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில, தன்ர ஒற்றை அறைக் காம்பராவில வைச்சுப் பாத்த மனிசி. போன ஆவணிக் கலவரத்தில லயத்தைக் கொளுத்திப்போட்டாங்கள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்திட்டா. கப்பல்துறையில காடு வெட்டி நாலு தடி நட்டிருக்கினம், இன்னும் கூரையில்லை. பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல். மாரி முடியுமட்டும் மடத்தில ஒரு மூலை காணும்.

— எங்களை எண்டு சொல்லாதை. உன்னை எண்டு சொல்லு. நீ உப்பு லொறி ஓடினனி. நான் முதலாளியின்ர கடையில கணக்கு எழுதினவன். மலைப்பக்கம் தலைவைச்சும் படுத்ததில்லை.

— சரி, மடம்?

— தோட்டக்காட்டுச் சனத்தை மடத்தில ஏத்தினா கோயில் சபை என்னை விட்டுவைக்குமோ? இண்டைக்குக் கிணத்தில வாளி போடுவினம். நாளைக்கு மடப்பள்ளிக்குள்ள வந்து நிப்பினம். இந்தக் கோயிலுக்கு நான் தர்மகர்த்தா. நாலு பேருக்குப் பதில் சொல்லவேணும்.

— வாளி போட்டாக் கிணறு என்ன, பயந்து வத்திப் போகுமோ?

— உனக்கு அவ்வளவு இரக்கமெண்டா உன்ர வீட்டில வையன்.

— என்ர வீடோ? மருமகன்ர வீட்டு விறாந்தையில ஒரு சாய்மனைக் கதிரை, அதுதான் என்ர இராச்சியம். நான் ஒருக்காத் திரும்பிப் படுத்தாலே மகள் எட்டிப் பாக்கிறாள். இல்லாட்டி உன்னட்டை வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிப்பனே?

— வேற இடம் பார்.

— சரி, நீ போகேல்லை. ஒத்துக்கொள்ளுறன். அப்ப என்னோட வந்தது வேற ஆரோ. அந்த ஆளின்ர கதையைச் சொல்லுறன், கேளடாப்பா. உனக்குச் சிரிப்பு வரும்.

— எனக்குச் சிரிப்பு வராது.

— அவன் பெரிய ஆசாரக்காரன். லயத்துச் சட்டி பானையில வாய் வைக்கமாட்டன் எண்டிட்டான். தாகமெண்டா முற்றத்தில இறங்கிக் குடையைக் கவிழ்த்துப் பிடிப்பான். வானத்துத் தண்ணிக்குச் சாதியில்லையாம்! கறுத்தக் குடை, சாயம் இறங்கி, வாய் பல்லெல்லாம் மை குடிச்ச பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. லயத்துச் சனம் முழுக்க வேலைக்குப் போகாமல் வரிசையில நிண்டு பாத்தது. கங்காணி வந்து விரட்டினவன், அவனும் நிண்டு பாத்தான்.

— விசர்க்கதை.

— மழையில நிண்டு நிண்டு காய்ச்சல் பிடிச்சுது. ஆள் விழுந்தான். பிறகெங்க ஆசாரம்? வாந்தியை அள்ளினது ஆர்? அவதான். வீட்டில கிடந்த அரிசி முழுக்கக் கஞ்சியாக்கி அவனுக்குப் பருக்கிப்போட்டு, தாங்கள் மாவைத் தட்டித் திண்டினம். குளிரில அவன்ர பல்லு அடிச்ச சத்தம் பதுளை ரயில் ரேசனுக்குக் கேட்டதாம், கோச்சி வருகுது எண்டு கொடி காட்டிப்போட்டாங்கள். அவ ஏழு கம்பளி கொண்டுவந்து போத்தி—

— ஒண்டுதான்.

— என்ன சொன்னனி?

— தோட்டத்தில ஆளுக்கு ஒரு கம்பளிதானே குடுக்கிறது. பேப்பரில வாசிச்சனான்.

— ஓ, பேப்பரில. எந்தப் பேப்பரடா? நானும் ஒண்டு வாங்கோணும். ஓம், ஒண்டுதான். மழைக்குள்ள கொழுந்து எடுக்கப் போகேக்க அவ தலையில போடுற கம்பளி. அதை அவனுக்குப் போத்திப்போட்டு, வெறுந்தலையோட மலையேறினவ. ராவில புருசனும் பிள்ளையளுமா அடுப்பைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குந்தியிருந்தினம்.

— நிப்பாட்டு.

— சிரிப்பு வரேல்லையோ?

— உன்ர கதையை இந்த ஊரில ஆர் நம்புறது? திமிங்கிலத்தின்ர முதுகில ஏறி மூதூருக்குப் போனனான் எண்டு சந்தையில நிண்டு சொன்ன ஆள் நீ.

— மூதூர் இல்லை, கிண்ணியா. சும்மா கூட்டிச் சொல்லாதை.

— பாத்தியே! நீ போய்ச் சபையில என்ன சொன்னாலும் சிரிச்சுப்போட்டுப் போவினம்.

— அதுதானடா. சீவியம் முழுக்கப் பொய்யை அள்ளிக் குடுத்தன், ஊர் இரந்து வாங்கிச்சுது. இண்டைக்கு ஒரே ஒரு மெய்யோட வந்து நிக்கிறன், சும்மா தாறன் எண்டாலும் வாங்க ஆளில்லை. நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். நீயும் பேப்பரில வாசிச்சனியாம்.

— ஆரது தெருவில வாறது?

— அவதான். புளியமரத்தடியில இருக்கச் சொன்னனான். பொறுக்கேலாமல் வாறா.

— இஞ்ச வரச் சொன்னனியோ? உனக்கு விசரே! உள்ள சம்மந்தி ஆக்கள்—

— கும்பிடுறேனுங்க அய்யா. புள்ளைக்குக் காச்ச ஏறிக்கிட்டே போவுதுங்க. மரத்தடியில மழ சொட்டுது. தெறப்பு கெடைக்குமான்னு ஒரு வார்த்த தெரிஞ்சா, இல்லாட்டி வேற எடம் பாப்பேன்.

— வள்ளியம்மா, நல்ல நேரத்தில வந்தனீங்கள். இந்த ஆளை வடிவாப் பாருங்கோ. நெத்தியைப் பாருங்கோ. ஆரெண்டு பலத்துச் சொல்லுங்கோ, உள்ள இருக்கிற ஆக்களுக்கும் கேக்கட்டும்.

— வீரசிங்கம், உன்ர காலில விழுறன், சத்தம் போடாதை. கல்யாணம் குழம்பிப் போம்.

— சொல்லுங்கோ, வள்ளியம்மா.

— ஒண்டுமில்லைச் சம்மந்தி! ஆரோ வழிப்போக்கர். தண்ணி கேக்கினம். நீங்கள் இருந்து பலகாரம் சாப்பிடுங்கோ, நான் இந்தா வாறன்.

— வூட்டுல நல்ல காரியங்களா அய்யா?

— ஓம். மகளுக்கு.

— ஒரே மகளுங்களா?

— ஓம்.

— நல்லா இருக்கணும். மகராசியா இருக்கணும்.

— வள்ளியம்மா, வாழ்த்தைப் பிறகு பாப்பம். இவரைத் தெரியுமோ, தெரியாதோ?

— தெரியாதுங்க.

— என்ன?

— தெரியாதுங்க. நீங்க யாரையோ நெனச்சிக்கிட்டு என்னையக் கூட்டியாந்துட்டீங்க. ஒங்களோட எங்க வூட்டுல தங்குன அய்யா வேற. மொதல்ல தண்ணிகூடத் தொடமாட்டாரு, குடையக் கவுத்துப் புடிச்சிக்கிட்டு நிப்பாரு. நாங்க சிரிச்சோம், பாவம். காச்ச விட்டப்புறம் சின்னப்புள்ளயாட்டம் எங் கையப் புடிச்சிக்கிட்டு அழுதாரு. “நான் இருக்கிற எடத்துல ஒனக்கு எப்பவும் ஒரு கதவு தொறந்திருக்கும்”னு சொல்லிட்டுத்தான் லொறியில ஏறுனாரு. அவரு இருந்தா நான் வாயத் தொறந்து கேக்கவே வேணாமுங்க. இந்த அய்யா அவரு இல்ல.

— வள்ளியம்மா, மழை வந்திட்டுது, நில்லுங்கோ!

— எங்களுக்கு மழ பழக்கந்தாங்க. புள்ள தனியா இருக்கு. நான் வாறேன் அய்யா. மகளுக்கு நல்லபடியா முடிச்சு வையிங்க.

— போறா. பார், அந்தக் கிழிஞ்ச சாக்கைத் தலையில போட்டுக்கொண்டு போறா.

— எனக்குத் தெரியுது.

— கண்டவுடன மனிசியின்ர கண் உன்ர நெத்தித் தழும்பில போய் நிண்டது. காய்ச்சல் விறைப்பில அவவின்ர அடுப்புக் கல்லில அடிபட்ட தழும்பு. அவவே மஞ்சள் அரைச்சுப் பூசின தழும்பு. பிறகு வீட்டுக்குள்ள பாத்தா, உன்ர முகத்தைப் பாத்தா. ஒரு நொடியில எல்லாம் விளங்கிட்டுது.

— போதும்.

— அண்டைக்குக் கம்பளியைப் போத்திக் காப்பாத்தினா. இண்டைக்குக் குடுக்கக் கையில ஒண்டுமில்லை. ஒரு பொய்யை எடுத்துப் போத்திப்போட்டுப் போறா. இந்த ஊரில பெரிய புளுகன் நான்தானெண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன், இராசநாயகம். அந்தப் பொய்க்கு முன்னால என்ர சுறாக்குட்டி செத்துப்போச்சு.

— சாயம் இறங்கேல்லை.

— என்ன?

— குடைச்சாயம். அது இறங்கேல்லை. அது நீ கூட்டினது.

— மற்றது?

— மற்றதெல்லாம் நடந்தது.

— அப்ப கூப்பிடடா! இன்னும் தெரு முடக்குத் தாண்டேல்லை. ஒரு சத்தம் வைச்சா நிப்பா. கூப்பிடு!

— என்னெண்டு கூப்பிட, வீரசிங்கம்? அங்க இருந்த நாள் முழுக்க அவவை அக்கா எண்டுதான் கூப்பிட்டனான். அந்த ஒரு சொல்லைத் தவிர அவவைக் கூப்பிட எனக்கு வேற சொல் தெரியாது. உள்ள ஆக்கள் கேட்டுக்கொண்டு இருக்கினம்.