தலைமாடு வடக்கே

விடியற்காலை ஆறு மணி. ஜூலை மாதத்து ஆக்லாந்து இருட்டு. கிளென்ஃபீல்டின் அந்தச் சரிவு வீதியில் ஈ காக்கை இல்லை... நம் சற்குணம் மட்டும் குசினியில் நின்று கொதித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் பால் பொங்கிக் கருகி நாறியது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

கோபம் வராமல் என்ன செய்யும்? மகள் கம்சாயினி படிப்புக்காகச் சிலி நாட்டுச் சந்தியாகோவுக்குப் போயிருந்தாள். அவ்வளவு பெரிய நகரத்தில் தங்க ஒரு நல்ல இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்காரன் ஒருத்தன் கடைசி நேரத்தில் கைவிரித்தான். இன்னொருத்தன் போட்ட படமே பொய். மகள் பார்த்த விடுதியிலோ ஆணும் பெண்ணும் ஒரே அறை. "என்ர பிள்ளை அங்க படுக்க மாட்டா!" என்று கத்தி, மனிதர் தானே ஒரு பழைய மாடிவீட்டைப் பிடித்தார். மலிவு. ஏன் மலிவு என்று கேட்டாரா? இல்லை.

படத்தையும் வரைபடத்தையும் வைத்துப் பார்த்தால் கட்டிலின் தலைமாடு வடக்கே. போனதும் திருப்பிப் போடு என்று விமான நிலையம்வரை சண்டை. மகள் முகம் கொடுக்காமலே போனாள்.

இப்போது விமானம் இறங்கி வெகு நேரம். அவளுடைய போன் வேலை செய்யவில்லை. சற்குணம் அந்த வீட்டு நம்பருக்கே அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது... யாரோ எடுத்தார்கள்.

"போனை ஏன் நிப்பாட்டி வச்சிருக்கிறாய்? அறிவில்லையே உனக்கு?"

"ஓம் அப்பா."

"கட்டிலைத் திருப்பினியே?"

"ஓம் அப்பா."

பலகைத் தரையில் இரும்புக் கால் இழுபட்டது. கிரீச்... நின்றது. மறுபடி கிரீச்...

கோபம் பாதி இறங்கியது. இங்கே பிறந்து, எதைக் கேட்டாலும் "யா டாட்" என்கிற பிள்ளை. ஓர் அதட்டலில் தமிழ் வந்துவிட்டதே என்று மனிதருக்குப் பெருமை வேறு.

அப்போது, சத்தம் கேட்டு எழுந்து வந்த மனைவி இராசமலரின் கையில் போன் அடித்தது.

கம்சாயினி. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். டாக்ஸியில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இப்போதுதான் அந்த வீட்டு வாசலுக்கு வந்தாளாம். எல்லாம் ஆங்கிலத்தில். உள்ளே யாரோ கட்டிலை இழுக்கிறார்கள், யார் அது என்று கேட்டாள்.

"உள்ளுக்குப் போகாதை பிள்ளை!" இராசமலர் அலறினாள். கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது...

சற்குணம் தன் கையிலிருந்த போனுக்குள் வெறிபிடித்துக் கத்தினார். "ஆரடி நீ? என்ர பிள்ளையைத் தொட்டியெண்டால்..."

கட்டில் இழுபடுவது நின்றது.

"கத்தாதேங்கோ அப்பா... அவ வந்திட்டா."