ஆடி மாதம் மாற்றாத பூட்டு

நம் சங்கத்தை நம்பி, ரத்தம் கொடுக்கிறேன் என்று பெயர் தந்தவர்களின் தொலைபேசி எண்கள் திருடு போய்விட்டன. திருடியவன் யார்? தெரியாது. கதவைத் திறந்து போட்டது யார்? அது எனக்குத் தெரியும்... மேடையில் இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டாம், செயலாளர் அவர்களே. உட்காருங்கள். சின்னக் கதைதான், சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம் இணையதளத்தை முழுக்க நாமா எழுதினோம்? இல்லை. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இலவசமாகப் பொதுவில் வைத்த பேக்கேஜ்கள், அதாவது ஆயத்த நிரல் துண்டுகள். அவற்றை எடுத்து நான்தான் கோர்த்தேன். அவற்றில் ஒன்று, உள்ளே வருகிறவர் நம் ஆள்தானா என்று பார்க்கிற பேக்கேஜ். பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி பிறந்த வாரம் அதை எழுதியவர்களே ஓர் அறிவிப்புப் போட்டார்கள். இந்தப் பதிப்பில் ஓட்டை இருக்கிறது, அடைத்துப் புதுப் பதிப்பு கொடுத்திருக்கிறோம், உடனே மாற்றிக்கொள்ளுங்கள் என்று. சரி... அந்த அறிவிப்பை நாம் மட்டுமா படிப்போம்? திருடன் படிக்க மாட்டானா? அன்றிலிருந்து எந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று உலகத்துக்கே தெரியும்.

தளம் ஓடுகிற சர்வரின் கடவுச்சொல் செயலாளர் வேலாயுதப்பெருமாளிடம் மட்டும்தான். போனேன். என்ன சொன்னார்?

"அண்ணாச்சி, ஆடி மாசம் புதுசா எதையும் ஏத்த வேண்டாம். ஆவணியில நல்ல நாள் பாத்துச் செய்வோம்."

"இது பால் காய்ச்சுற விசேஷம் இல்ல தம்பி. பூட்டு மாத்துறது."

"நல்லாத்தான ஓடுது? எதுக்கு அதைப் போய் நோண்டிக்கிட்டு?"

மறுபடி போனேன். மறுபடியும் போனேன். கடைசியில் கமிட்டியில் வைத்துச் சொன்னார், அண்ணாச்சி காப்பியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார் என்று. எல்லாரும் சிரித்தார்கள். ஆமாம், மோந்து பார்ப்பேன். சற்றுமுன் இங்கே கொடுத்ததையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

ஆவணி வந்தது. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சூடம்... நல்ல நேரத்தில் புதுப் பதிப்பை ஏற்றினோம். போட்டோவும் எடுத்துக்கொண்டோம். ஆனால் பூட்டு மாற்றும்போது வீட்டுக்குள் என்ன மிச்சம் இருந்தது என்று யாராவது பார்த்தோமா?

நம்மிடம் பெயர் தந்தவர்களில் ஒரு டீச்சர். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை அவர் விவரத்தை நாம் ஊருக்குக் கொடுத்தது போதும். ஓ நெகட்டிவ், எளிதில் கிடைக்காத வகை. ஆடி முடிவதற்குள்ளேயே அவருக்கு ஒரு போன். அவர் பெயர், ரத்த வகை, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார் என்பதுவரை சொல்லி, பிரசவ கேஸ், உடனே வாருங்கள் என்றான் ஒருவன். அந்த விவரமெல்லாம் வேறெங்கே இருந்தது? நம்மிடம் மட்டும்தான். அந்த அம்மா பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அப்படி ஒரு நோயாளியே அங்கே இல்லை. வாசலில் நிற்கும்போது மறுபடி போன் வந்தது.

"மஞ்சச் சேலை உங்களுக்கு நல்லா இருக்கு டீச்சர்."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

ஐப்பசியில் நிஜமாகவே ஒரு பிரசவ கேஸ். நிஜமாகவே ஓ நெகட்டிவ். நம் தொண்டர் மைதீன்பாத்து அந்த டீச்சரைப் போனில் கூப்பிட்டார். டீச்சர் என்ன சொன்னார் தெரியுமா?

"இன்னைக்கு என்ன கலர் சேலைன்னு பாக்கணுமா?"

போனை வைத்துவிட்டார். அவர்மேல் தப்புச் சொல்ல இங்கே யாருக்காவது வாய் உண்டா? மதுரையிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தது. அந்தத் தாய் பிழைத்துக்கொண்டாள். அதை நம் சாதனை என்று ஆண்டறிக்கையில் வாசித்தீர்களே... அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? புதுப் பதிப்பு எது வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்று என்றா சொல்கிறேன்? இல்லை. அதையும் சந்தேகப்படுகிறேன். பேக்கேஜ் அதை எழுதியவனிடமிருந்து வேறு கைக்கு மாறியிருக்கலாம், நல்லதோடு கெட்டதும் சேர்ந்து வரலாம். ஆனால் சந்தேகப்படுகிறவன் அன்றைக்கே திறந்து பார்ப்பான். தளத்தின் நகல் ஒன்றில் ஏற்றிச் சோதிப்பான். தள்ளிப் போடமாட்டான். தள்ளிப் போடுவதற்கு ஜாக்கிரதை என்று பெயர் வைக்காதீர்கள்.

இன்று காலையில் இன்னோர் அறிவிப்பு வந்திருக்கிறது. இன்னொரு பேக்கேஜ், இன்னோர் ஓட்டை. இது மார்கழி. தை பிறக்கட்டும் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

செயலாளர் கடவுச்சொல்லை மைதீன்பாத்துவிடமும் என்னிடமும் இப்போதே, இந்தக் கூட்டம் கலைவதற்குள் தர வேண்டும். புதுப் பதிப்பைச் சோதித்து ஏற்றுவது என் வேலை. போன் எண்களைத் தளத்திலிருந்தே எடுப்பது மைதீன்பாத்து வேலை. பெயர் தந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, உங்கள் எண் எங்களால்தான் போனது என்று கமிட்டிக்காரர்கள் சொல்ல வேண்டும், அன்றைக்குச் சிரித்தவர்கள் முதலில். போலீசில் தலைவர் புகார் கொடுக்க வேண்டும்.

அந்த டீச்சர் அனுமதித்தால், செயலாளர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டும். ரத்தம் கேட்கக் கூடாது.