தோற்காத கோச்

ஜெர்மனியின் ஹம் நகருக்குப் போகும் ரயில் வழக்கம்போல் தாமதம். எனக்கு எதிர் இருக்கையில் கோட்டும் டையும் அணிந்த பெரியவர் ஒருவர், பழைய மாணவர் சங்க விழாவில் பேசவேண்டியதை மனைவியிடம் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கட கொலிச்சின்ர முதல் பாஸ்கற்போல் ரீமில விளையாடினதும் நான், கோச்சும் நான். ஒரு மட்ச் கூடத் தோற்கேல்லை.”

“அப்ப வேற கொலிச்சுகளில ரீம் இருந்ததோ?”

“இல்லை. அதை ஏன் அங்க சொல்லுவான்?”

“எங்கட கொன்வென்ற் பொம்பிளைப் பிள்ளையளோட விளையாடினனீங்கள்தானே?”

“அது சும்மா பிறக்ரிஸ்.”

“பிறக்ரிஸில தோத்ததுக்கு ஏன் பந்தையும் தூக்கிக்கொண்டு ஓடினனீங்கள்?”

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அண்டைக்கு ரெஃபரி சரியில்லை” என்றார்.

“ரெஃபரியும் நீங்கள்தானே!”

பக்கத்தில் இருந்த ஜெர்மன்காரருக்கு நான் ஏன் இருமுகிறேன் என்று புரிந்திருக்காது.

ஹம் வந்தது. பெரியவர் எழுந்து டையை இறுக்கினார்.

“இஞ்சரும், அங்க வந்து இதொண்டும் கதைக்காதையும், என்ன?”

“நான் வாயே திறக்கமாட்டன்” என்றபடி அந்த அம்மா கைப்பையை எடுத்தார். “எங்கட கொன்வென்ற் ரீமில என்னோட விளையாடின மிச்ச நாலு பேரும் முன்வரிசையில இருப்பினம். நான்தான் வரச்சொன்னனான்.”